சோஃபோனிஸ்பா ஆங்குவிசோலா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மறுமலர்ச்சிக் கால ஓவியர்கள் என்றதும் லியொனார்டோ, ரஃபேல், டிஷியன் என்று வரிசையாகச் சொல்லிவிடுவோம். அதே காலத்தில் ஸ்பெயின் அரண்மனையில் ஒரு பெண் 13 வருடத்துக்கு மேல் இருந்து ராஜா, ராணி, இளவரசன், இளவரசிகள் முகங்களை வரைந்தார். அவரைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எழும் கேள்விகளையும், எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

யார் இந்த சோஃபோனிஸ்பா?

வட இத்தாலியில் கிரெமோனா என்று ஒரு ஊர். பிற்காலத்தில் ஸ்ட்ராடிவாரி செய்த வயலின்களால் உலகப் புகழ் பெற்ற ஊர் அது. சோஃபோனிஸ்பா அங்கே 1532 வாக்கில் பிறந்தார். அப்பா அமில்காரே ஆங்குவிசோலா பெரிய பணக்காரர் இல்லை, ஆனால் பிரபு குலம். அம்மா பியாங்கா பொன்சோனி. ஏழு பிள்ளைகளில் சோஃபோனிஸ்பாதான் மூத்தவர். ஆறு பெண், கடைசியாக ஒரு பையன்.

சுமார் 27 வயதில் ஸ்பெயின் போனார். 1573 வரை அங்கே இருந்தார். அப்புறம் சிசிலி, அதன் பிறகு நெடுங்காலம் ஜெனோவா, முதுமையில் மறுபடி சிசிலி. 1625 நவம்பரில் பலெர்மோ நகரில் இறந்தபோது வயது தொண்ணூறைத் தாண்டியிருந்தது. இளவயதில் மைக்கேலாஞ்சலோவிடம் பாராட்டு வாங்கியவர், கடைசிக் காலத்தில் அடுத்த நூற்றாண்டின் பெரிய ஓவியர் வான் டைக்குக்கு அறிவுரை சொன்னார். அவ்வளவு நீண்ட வாழ்க்கை.

பெயரே ஒரு மாதிரி இருக்கிறதே?

இத்தாலியர்களுக்கும் அது அபூர்வமான பெயர்தான். பழைய கார்த்தேஜ் நகரத்துத் தளபதி ஹஸ்த்ருபாலின் மகள் பெயர் சோஃபோனிஸ்பா. ரோமானியர்களிடம் கைதியாக மாட்டுவதைவிடச் சாவது மேல் என்று நஞ்சு குடித்தவள். ஆங்குவிசோலா குடும்பத்துக்குக் கார்த்தேஜ் பெயர்கள் மீது ஒரு மோகம். தாத்தா அன்னிபாலே, அதாவது ஹன்னிபால். அப்பா அமில்காரே, ஹன்னிபாலின் தந்தை பெயர். தம்பிக்கு அஸ்த்ருபாலே. வீட்டுக்குள் நின்று கூப்பிட்டால் ஒரு போர்ப்படையே திரும்பிப் பார்க்கும்.

பிரபு வீட்டுப் பெண் எப்படி ஓவியம் கற்றார்?

அந்தக் காலத்தில் ஓவியம் ஒரு கைத்தொழில். பட்டறையில் சேர்ந்து, வண்ணம் அரைத்து, குருவுக்கு எடுபிடி வேலை செய்து கற்க வேண்டியது. பெண் ஓவியர் அங்கொருவர் இங்கொருவர் இருந்தாலும் பெரும்பாலும் அவர்கள் ஓவியர்களின் மகள்கள். அப்பாவின் பட்டறையே பள்ளிக்கூடம். அமில்காரேவுக்கு அந்தத் தொழிலோடு சம்பந்தமே கிடையாது. இருந்தும் 1546 வாக்கில் மூத்த பெண்கள் சோஃபோனிஸ்பாவையும் எலெனாவையும் பெர்னார்டினோ காம்பி என்ற உள்ளூர் ஓவியர் வீட்டுக்குப் படிக்க அனுப்பினார். பட்டறைப் பையன்களைப் போல இல்லை. குருவின் மனைவி பார்வையில், விருந்தாளிகள் மாதிரி தங்கிக் கற்றார்கள். காம்பி மிலான் போன பிறகு பெர்னார்டினோ கத்தி என்பவரிடம் பாடம் தொடர்ந்தது. எலெனா பிறகு கன்னியாஸ்திரீ மடத்தில் சேர்ந்துவிட்டார். சோஃபோனிஸ்பா வீட்டில் தங்கைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்.

அப்பா ஏன் இப்படிச் செய்தார்? முற்போக்குச் சிந்தனை என்று எழுதுகிறவர்கள் உண்டு. இருக்கலாம். ஆனால் ஆறு பெண்கள் என்றால் ஆறு சீதனம் என்ற கணக்கும் அவருக்குத் தெரிந்திருக்கும். பெண்ணின் திறமை ஊர் தாண்டிப் பேசப்பட்டால் நல்ல இடம் தானாக வரும். மகள் வரைந்த படங்களைப் பெரிய வீடுகளுக்குப் பரிசாக அனுப்பிக்கொண்டே இருந்தார் மனிதர். விற்கவில்லை, கவனியுங்கள். பிரபுவின் மகள் கூலிக்குப் படம் வரைந்தாள் என்ற பேச்சு வரக்கூடாது. பின்னால் வரப்போகும் எல்லாச் சிக்கலுக்கும் விதை இங்கேதான் இருக்கிறது.

ஏன் முகங்களாகவே வரைந்தார்? பெரிய சுவரோவியங்கள் இல்லையா?

அக்காலத்தில் 'பெரிய' ஓவியம் என்றால் பைபிள் காட்சியோ புராணக் காட்சியோதான். அதற்கு மனித உடற்கூறு தெரிய வேண்டும்; ஆடையில்லாத ஆண் உடலைப் பார்த்து வரைந்து பழக வேண்டும். பெண்ணுக்கு அந்தக் கதவு அடைப்பு. மிஞ்சியது முகம். வீட்டில் சும்மா உட்காரக் கிடைத்தவர்கள் அப்பா, அம்மா, தங்கைகள், தம்பி, வேலைக்காரி. அதைவிட்டால் கண்ணாடியில் தெரிகிற தன் முகம்.

தன் உருவத்தை மட்டும் ஒரு டஜனுக்குக் குறையாமல் வரைந்திருக்கிறார். வியன்னாவில் இருக்கும் 1554-ஆம் ஆண்டுப் படத்தில் கையில் சின்னப் புத்தகம் ஒன்றைத் திறந்து பிடித்திருக்கிறார். அதில் லத்தீனில், கன்னிப்பெண் சோஃபோனிஸ்பா ஆங்குவிசோலா தன்னைத் தானே வரைந்தது என்று எழுதியிருக்கிறது. பெயர், ஆண்டு, 'கன்னி' என்ற அடைமொழி, சில படங்களில் 'அமில்காரேயின் மகள்' என்பதும் சேர்த்து, அந்த நாள்களில் கையெழுத்துப் போடுவதில் அவருக்குக் கஞ்சத்தனமே இல்லை. இதை நினைவில் வையுங்கள்.

மைக்கேலாஞ்சலோவிடம் படித்தார் என்கிறார்களே, உண்மையா?

பட்டறையில் உட்கார்ந்து படித்ததாகச் சொல்வது மிகை. தொடர்பு இருந்தது உறுதி. 1557-இலும் 1558-இலும் அமில்காரே மைக்கேலாஞ்சலோவுக்கு எழுதிய கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. மகள் மீது காட்டிய அன்புக்கு நன்றி சொல்கிறார். அவள் எண்ணெய் வண்ணத்தில் தீட்டிப் பார்க்க உங்கள் கோட்டோவியம் ஒன்றை அனுப்பக்கூடாதா என்று கேட்கிறார். மகளுக்காக எண்பது வயது தாண்டிய உலகப் பெரும் கலைஞரிடம் கூச்சமில்லாமல் கேட்கிற அப்பா!

இதில் ஒரு அருமையான கதை உண்டு. சோஃபோனிஸ்பா வரைந்த, சிரிக்கும் சிறுமி ஒருத்தியின் படத்தைப் பார்த்த மைக்கேலாஞ்சலோ, அழுகிற பையனை வரைவது இன்னும் கஷ்டம் என்றாராம். சோஃபோனிஸ்பா தன் தம்பி அஸ்த்ருபாலேவை வரைந்து அனுப்பினார். கூடையிலிருந்த நன்னீர் இறால் விரலைக் கவ்விக்கொள்ள, பையன் முகம் கோணி அழுகிறான். அருகில் அக்காள் ஒருத்தி பாதி ஆறுதலும் பாதிச் சிரிப்புமாக அணைத்துக்கொண்டிருக்கிறாள். மைக்கேலாஞ்சலோவின் நண்பர் தொம்மாசோ கவாலியேரி 1562-இல் இதை ஃபிளாரன்ஸ் ஆட்சியாளர் கோசிமோ த மெடிச்சிக்கு அனுப்பினார், மைக்கேலாஞ்சலோவின் கோட்டோவியம் ஒன்றோடு சேர்த்து. இப்போது அது நேப்பிள்ஸில், கப்போதிமோந்தே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பல்லி கடித்துத் துள்ளும் பையனைப் பிற்பாடு கரவாஜோ வரைந்தாரே, அந்த யோசனைக்கு இதுதான் மூலம் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

அந்தச் சதுரங்கப் படத்தில் அப்படி என்ன இருக்கிறது?

1555-இல் வரைந்தது. இப்போது போலந்தில் பொஸ்னான் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தோட்டத்தில் மேசை போட்டு மூன்று தங்கைகள் சதுரங்கம் ஆடுகிறார்கள். லூச்சியா ஒரு காயை எடுத்துவிட்டு நம்மைப் பார்க்கிறாள். எதிரே மினெர்வா, 'இரு இரு' என்பது போலக் கையைத் தூக்குகிறாள். நடுவில் சின்னவள் யூரோபா, தோற்கிற அக்காளைப் பார்த்துப் பல் தெரியச் சிரிக்கிறாள். ஓரத்தில் வயதான வேலைக்காரி.

அதுவரை குடும்பப் படம் என்றால் எல்லோரும் விறைப்பாக வரிசையில் நிற்பார்கள். இங்கே ஒரு நொடி பிடிபட்டிருக்கிறது. அக்காள் தங்கைகளோடு வளர்ந்தவர்களுக்கு யூரோபாவின் அந்தச் சிரிப்பு நன்றாகத் தெரியும். 1566-இல் கிரெமோனாவுக்கு வந்து இந்த வீட்டைப் பார்த்த வாசாரி, ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதியவர், உருவங்களுக்குப் பேச்சு ஒன்றுதான் குறை என்கிற அளவுக்குப் புகழ்ந்து எழுதினார்.

இன்னொன்று. பழைய ஆட்டத்தில் ராஜாவுக்குப் பக்கத்தில் நின்றது மந்திரி. குறுக்காக ஒரு கட்டம்தான் நகரும். 15-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் ஐரோப்பாவில் விதி மாறி அந்தக் காய் ராணியாகவே பலகை முழுக்கப் பாய ஆரம்பித்தது. நம்மில் பலர் இன்றும் அதை மந்திரி என்றே சொல்கிறோம். பெண்கள் ஆடும் இந்தப் படத்தில் ராணிக் காய்க்கு ஒரு குறும்பான அர்த்தம் இருப்பதாகச் சிலர் சொல்வது எனக்குப் பிடிக்கும், நிரூபிக்கத்தான் முடியாது. சோஃபோனிஸ்பாவின் கையெழுத்து பலகையின் விளிம்பில் இருக்கிறது.

ஸ்பெயினுக்கு எப்படிப் போனார்?

கிரெமோனா அப்போது மிலான் ஆட்சிக்கு உட்பட்டது. மிலான், ஸ்பெயின் அரசர் இரண்டாம் பிலிப்பின் கையில் இருந்தது. ஆக, சோஃபோனிஸ்பா பிலிப்பின் குடிமகள். 1559-இல் பிலிப் மூன்றாவது முறையாக மணம் செய்தார். மணப்பெண் பிரான்சு நாட்டு இளவரசி எலிசபெத், ஸ்பெயின்காரர்களுக்கு இசபெல். அவளுக்கு ஓவியத்தில் ஆசை. ஆல்பா கோமகனின் பரிந்துரை, மிலானில் இருந்த ஆளுநரின் ஏற்பாடு, அப்பாவின் சம்மதக் கடிதம் எல்லாம் கூடிவர, சோஃபோனிஸ்பா கப்பலேறினார்.

1560 ஜனவரியில் குவாதலஹாரா நகரில் கல்யாணக் கொண்டாட்டம். மணப்பெண்ணுக்கு வயது 14. மாப்பிள்ளைக்கு 32. அன்றிரவு நடனத்தில் முதலில் இறங்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. ஃபெரான்தே கொன்சாகா என்ற இத்தாலியப் பிரபு எழுந்து போய் ஒரு பெண்ணைக் கைபிடித்து அழைத்து வந்து ஆட்டத்தைத் தொடங்கிவைத்தார். அது யார் என்று மாந்துவா அரசின் ஆள் ஊருக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார்: ராணியோடு இருக்க வந்திருக்கும், படம் வரைகிற அந்தக் கிரெமோனாப் பெண். பெயரை எழுதவில்லை.

அப்படியானால் அவர் அரசவை ஓவியர்தானே?

இங்கேதான் நின்று பேச வேண்டும். பதவி என்று பார்த்தால், இல்லை. பிலிப்பின் அரசவை ஓவியர் அலோன்சோ சாஞ்சேஸ் கோயெல்லோ. அவருக்குச் சம்பளம், பட்டறை, உதவியாளர்கள், ஒவ்வொரு படத்துக்கும் பட்டுவாடாக் கணக்கு எல்லாம் உண்டு. சோஃபோனிஸ்பாவின் பதவி 'ராணியின் தோழி'. அந்தஸ்தில் ஓவியரைவிட எவ்வளவோ மேல். ராணியின் பக்கத்தில் இருக்கலாம், அரண்மனையில் தனி அறை, வேலையாட்கள், ஆண்டுப் படி, விழா நாள்களில் பட்டும் நகையும். சாஞ்சேஸ் கோயெல்லோ கனவிலும் காண முடியாத இடம்.

ஆனால் அந்த அந்தஸ்துக்கு ஒரு விலை இருந்தது. தோழி கூலி வாங்க மாட்டாள். அவள் வரைந்தால் அது அன்புக்காகச் செய்தது. பதிலுக்கு வருவது பரிசு. அரண்மனைக் கணக்கில் 'இன்ன படத்துக்கு இன்ன தொகை' என்று ஒரு வரி விழாது. படத்தில் கையெழுத்தும் விழாது, ஏனென்றால் அது கைவினைஞர் போடுவது. கிரெமோனாவில் சதுரங்கப் பலகை விளிம்பில்கூடப் பெயர் எழுதிய பெண், ஸ்பெயினில் இருந்த காலம் முழுக்கக் கையெழுத்திட்ட ஒரு படமும் நம் கைக்கு வரவில்லை.

வேலை என்னவோ மலையளவு. 1561 அக்டோபரில் பழைய குரு காம்பிக்கு ஒரு கடிதம் எழுதினார். அரசர் படம் ஒன்று கேட்டிருந்தீர்கள், அனுப்ப முடியவில்லை, மன்னியுங்கள். அரசரின் தங்கை படத்தை முடிக்கும் வேலையில் இருக்கிறேன், போப்பாண்டவருக்கு அனுப்ப வேண்டும். ராணியோ என்னை விடுவதில்லை, தனக்கே வரைய வேண்டும் என்று நேரத்தைப் பிடுங்கிக்கொள்கிறாள் என்பது அதன் சாரம். அதே ஆண்டு போப் நான்காம் பயஸ் ராணியின் படம் வேண்டும் என்று கேட்டு, அது வந்து சேர்ந்ததும் நன்றி எழுதினார். அதாவது ஐரோப்பா முழுக்க அவர் பெயர் தெரிந்தே இருந்தது. தெரியாமல் போனது பிறகுதான்.

அரசவை உருவப்படம் எதற்குப் பயன்பட்டது? சுவரில் மாட்டவா?

அதற்கும்தான். முக்கியமாக அரசியலுக்கு. இளவரசிக்குச் சம்பந்தம் பேச முதலில் போவது படம். தூர தேசத்துத் தாய்க்குப் பேரக்குழந்தை எப்படி இருக்கிறது என்று காட்டப் போவதும் படம். நட்பு நாட்டுக்கு, போப்புக்கு, உறவினருக்குப் பரிசு. ஒரே படத்துக்கு நகல் மேல் நகல் போடுவார்கள். அரசருக்கு ஓவியர் முன் உட்கார நேரமே கிடையாது. கிடைத்த கொஞ்ச நேரத்தில் முகத்தைப் பிடித்துவிட்டு, உடையையும் நகையையும் அப்புறம் தனியாகப் பார்த்து முடிக்க வேண்டும்.

வடிவமும் அநேகமாகத் தீர்மானமானது. டிஷியனும், நெதர்லாந்துக்காரர் அந்தோனிஸ் மோரும் போட்ட பாதை. இருண்ட பின்னணி, முழங்கால் வரையோ முழுதாகவோ ஆள், ஒரு கை நாற்காலியிலோ மேசையிலோ, முகத்தில் உணர்ச்சி எதுவும் தெரியக் கூடாது. தம்பி அழுவதையும் தங்கை பல்லைக் காட்டிச் சிரிப்பதையும் வரைந்த கைக்கு இது எப்படி இருந்திருக்கும்! மாட்ரிட் பிராதோ அருங்காட்சியகத்தில் இருக்கும் பிலிப் படத்தைப் பார்த்தால் அவர் கண்டுபிடித்த வழி தெரியும். கறுப்பு உடை, கறுப்புத் தொப்பி, கையில் ஜெபமாலை. வைரம் வைடூரியம் எதுவும் இல்லை. முகத்தின் ஓரங்கள் கூர்மையாக வெட்டாமல், மெல்லிய புகைபோல இருட்டில் கரைகின்றன. உலகத்தில் பாதியை ஆண்டவர் ராத்திரி வெகுநேரம் கோப்பு பார்த்த குமாஸ்தா மாதிரி சோர்ந்து தெரிகிறார்.

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் இன்னொன்று தெரிந்தது. 1565 வாக்கில் முதலில் வரைந்தபோது கை வேறு விதமாக இருந்தது. 1573-இல் அதை மாற்றி ஜெபமாலையைச் சேர்த்திருக்கிறார். துருக்கியரை வென்ற லெபாந்தோ கடற்போரை ஒட்டி போப் ஜெபமாலைத் திருவிழாவை அறிவித்த வருடம் அது. அந்நேரம் பிலிப்பின் நான்காவது மனைவி ஆஸ்திரியாவின் அன்னா. அவர் படத்துக்கு ஜோடியாக இதை மாட்ட வேண்டியிருந்தது.

அவர் படங்கள் எப்படி வேறு பெயர்களில் போயின?

மேலே சொன்ன அந்த பிலிப் படமே நெடுங்காலம் வேறு ஓவியர்கள் பெயரில்தான் இருந்தது. ராணி இசபெல் கணவரின் சிறு உருவப்படத்தைக் கையில் பிடித்தபடி நிற்கும் பெரிய படமும் அப்படியே: இரண்டு மீட்டருக்கு மேல் உயரம், சிவப்பும் கறுப்பும் மின்னும் உடை. அதற்கு பந்தோஹா த லா குரூஸ் என்ற பிற்கால ஓவியர் நகல் வரைந்திருக்கிறார். பெயரும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது.

காரணம் சதி ஒன்றும் இல்லை, அலுவலகச் சங்கதிதான். கையெழுத்து இல்லை, கணக்கேட்டில் பட்டுவாடா இல்லை, அவர் படங்களை சாஞ்சேஸ் கோயெல்லோ நகலெடுத்தபோது நகலுக்கான தொகை கணக்கில் ஏறுகிறது, மூலப் படம் ஏறுவதில்லை. நூறு வருடம் கழித்துச் சுவரிலிருக்கும் படத்துக்குப் பெயர்ப்பட்டியல் எழுத வருபவர் என்ன செய்வார்? அந்தக் காலத்து அரசவை ஓவியர் யார் என்று பார்த்து அவர் பெயரைப் போடுவார். போதாக்குறைக்குத் தீ. 1604-இல் எல் பார்தோ அரண்மனை எரிந்தபோது அங்கிருந்த அரச குடும்ப உருவப்பட வரிசை போயிற்று. 1734-இல் மாட்ரிட் அல்காசர் அரண்மனையும் எரிந்தது. ஒப்பிட்டுப் பார்க்கவும் படம் இல்லை.

20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் ஆவணங்களையும் எக்ஸ்ரே படங்களையும் வைத்து ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்தார்கள். 2019 அக்டோபரில் பிராதோ அவருக்கும் பொலோனியா நகரத்து லவினியா ஃபொந்தானாவுக்கும் சேர்த்துப் பெரிய கண்காட்சி ஒன்று வைத்தது.

வெண்ரோமம் போர்த்திய பெண்ணின் படம் இவருடையதுதானே?

ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகர், பொல்லாக் இல்லத்தில் இருக்கும் அழகான படம். வெள்ளை ரோமப் போர்வைக்குள்ளிருந்து ஒரு இளம்பெண் நேராக நம்மைப் பார்க்கிறாள். 19-ஆம் நூற்றாண்டில் எல் கிரேக்கோ வரைந்தது என்று பாரிஸில் காட்டினார்கள், பிறகு ஒரு ஸ்காட்லாந்துப் பிரபு வாங்கினார். எல் கிரேக்கோ பாணி இது இல்லை என்று சந்தேகம் வந்ததும், சிலர் சோஃபோனிஸ்பா பெயரைச் சொன்னார்கள். எனக்கும் அது சோஃபோனிஸ்பாவாக இருக்கக் கூடாதா என்று ஆசையாக இருந்தது. ஆனால் பிராதோவும் கிளாஸ்கோ பல்கலைக்கழகமும் சேர்ந்து ஆராய்ந்து 2019-இல் சொன்ன முடிவு: வரைந்தவர் சாஞ்சேஸ் கோயெல்லோ. சரி, ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். பறிபோனதைத் திருப்பித் தரும் உற்சாகத்தில் அடுத்தவர் சொத்தையும் சேர்த்துக் கொடுத்துவிடக் கூடாது. இணையத்தில் இன்னும் பல இடங்களில் பழைய பெயரே ஓடுகிறது.

ராணி இறந்த பிறகு என்ன ஆனார்?

1568 அக்டோபரில் இசபெல் பிரசவத்தில் இறந்தாள். வயது 23. எட்டு வருடத்துக்கு மேல் ஆசிரியையாகவும் தோழியாகவும் இருந்தவருக்கு அது பேரிடி. கூட வந்த பெண்கள் பலர் ஊர் திரும்பினார்கள். சோஃபோனிஸ்பா தங்கி, ராணி விட்டுப்போன இரண்டு சின்னப் பெண்கள் இசபெல் கிளாரா, கத்தலினா மிக்கேலா இருவரோடும் இருந்தார்.

கல்யாணம் செய்துகொண்டாரா?

இரண்டு முறை. முதல் கல்யாணத்தை அரசரே முன்னின்று, சீதனமும் கொடுத்து முடித்துவைத்தார். 1573, மாப்பிள்ளை சிசிலிப் பிரபு ஃபாப்ரீசியோ மொன்காதா. சோஃபோனிஸ்பாவுக்கு நாற்பது தாண்டியிருந்தது. எட்னா எரிமலை அடிவாரத்தில் பத்தெர்னோ என்ற ஊரில் வாழ்ந்தார்கள். 1578-இல் ஸ்பெயினுக்குக் கிளம்பிய கணவர், காப்ரி தீவுக்கருகே கடற்கொள்ளையர் தாக்கியதில் கடலில் மூழ்கி இறந்தார். பத்தெர்னோ மடத்துக்கு சோஃபோனிஸ்பா ஒரு மாதா படத்தைக் கொடுத்ததாக 1579-ஆம் ஆண்டு ஆவணம் சொல்கிறது. பெண்ணால் முடியாது என்று ஒதுக்கிவைத்த அந்தப் 'பெரிய' ஓவிய வகை அது.

பிறகு ஊர் திரும்பக் கப்பலேறினார். கப்பலின் தலைவர் ஒராசியோ லொமெல்லினோ, ஜெனோவாக்காரர், இவரைவிட வயதில் மிக இளையவர். கப்பல் ஜெனோவா போய்ச் சேரும் முன்பே, இடையில் பீசா நகரில் கல்யாணம் முடிந்துவிட்டது! இறால் கடித்து அழுத அந்தத் தம்பி அஸ்த்ருபாலேவுக்கு, இப்போது வளர்ந்த மனிதருக்கு, இது பிடிக்கவே இல்லை. டஸ்கனி ஆட்சியாளர் பிரான்செஸ்கோ த மெடிச்சியும் யோசிக்கச் சொல்லிப் பார்த்தார். சோஃபோனிஸ்பா எழுதிய பதில் நமக்கெல்லாம் பழக்கமான வாசகம்தான்: திருமணங்கள் முதலில் சொர்க்கத்தில் முடிவாகின்றன, பிறகே பூமியில் நடக்கின்றன. கல்யாணப் பத்திரிகை வாசகமாகக் கேட்டுக் கேட்டுப் புளித்த வரி, நாற்பத்தேழு வயது விதவை ஒரு அரசருக்கு எழுதினார் என்றதும் புதிதாக இருக்கிறது. அந்த வாழ்க்கை 45 வருடம் நீடித்தது.

1599-இல் இளவரசி இசபெல் கிளாரா, கணவரோடு நெதர்லாந்துக்குப் போகும் வழியில் ஜெனோவாவில் இறங்கினார். சின்ன வயதில் தன்னைப் பார்த்துக்கொண்ட சோஃபோனிஸ்பா முன் மறுபடியும் உட்கார்ந்து படம் வரையச் சொன்னார்.

வான் டைக் சந்தித்தாராமே?

1624 ஜூலை 12, பலெர்மோ. வான் டைக்குக்கு 25 வயது. அவர் சிசிலிக்கு வந்தது அங்கே ஸ்பெயினின் பிரதிநிதியாக ஆண்ட சவோய் இளவரசர் எம்மானுவேலே பிலிபெர்த்தோவை வரைய. அந்த இளவரசர் கத்தலினா மிக்கேலாவின் மகன்; சோஃபோனிஸ்பா ஓவியம் கற்றுக்கொடுத்த ராணியின் பேரன். அடுத்த மாதமே ஊரைப் பிடித்த கொள்ளைநோயில் அவர் இறந்துபோனார்.

அந்தச் சந்திப்பை வான் டைக் தன் குறிப்பேட்டில் படத்தோடு எழுதி வைத்திருக்கிறார். அது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சோஃபோனிஸ்பாவின் வயது 96 என்று போட்டிருக்கிறார், நாலைந்து வருடம் கூட. நினைவும் புத்தியும் கூர்மை, பேச்சில் பண்பு. கண் மட்டும் மங்கல். படங்களை முன்னால் வைத்தால் மூக்கு ஒட்டுகிற அளவுக்குக் குனிந்து கொஞ்சமாவது பார்த்து மகிழ்ந்தார். கை நடுங்கவில்லை. இனி வரைய முடியவில்லை என்பதுதான் அவருக்கு இருந்த பெரிய வேதனை. வான் டைக் அவரை வரைந்துகொண்டிருக்கும்போதே கிழவி சொன்னாராம்: ஒளியை ரொம்ப மேலேயிருந்து விடாதே, சுருக்கங்களின் நிழல் பெரிதாகிவிடும். எட்டு வருடம் கழித்து வான் டைக் லண்டனில் முதலாம் சார்லஸின் அரசவை ஓவியரானார்.

எல்லாவற்றையும் பார்க்க முடியாது. ஒரே ஒரு படம் சொல்லுங்கள்.

பலர் சதுரங்கப் படத்தைச் சொல்வார்கள். நான் சியேனா நகரில் இருப்பதைச் சொல்வேன். ஸ்பெயின் கிளம்பும் சமயத்தில், 1559 வாக்கில் வரைந்தது. குரு காம்பி தூரிகையோடு நிற்கிறார். முன்னால் ஒரு பெரிய திரைச்சீலை. அதில் அவர் தீட்டிக்கொண்டிருப்பது சோஃபோனிஸ்பாவின் உருவம். குரு திரும்பி நம்மைப் பார்க்கிறார். உண்மையில் அங்கே நிற்பது நாம் இல்லை, அவரை வரைந்துகொண்டிருக்கும் மாணவி. படத்துக்குள் குரு மாணவியை உருவாக்குகிறார். படத்துக்கு வெளியே மாணவி இருவரையும் உருவாக்குகிறார். குருவைவிடத் தன்னைக் கொஞ்சம் மேலே, பெரிதாக, வெளிச்சத்தில் வைத்துக்கொண்டிருக்கிறார். இதில் குருபக்தி எவ்வளவு, குறும்பு எவ்வளவு என்று இன்றும் விவாதம் ஓய்ந்தபாடில்லை.

1990-களில் படத்தைச் சுத்தம் செய்தபோது மேல்வண்ணத்துக்கு அடியிலிருந்து சோஃபோனிஸ்பாவின் உருவத்துக்கு இன்னொரு இடக்கை வெளிப்பட்டது. குரு தூரிகை பிடித்திருக்கும் கையை நோக்கி நீள்கிறது அது.